பிரானூர் பார்டரில் ஒரு சூப்பர் ஹீரோ இருந்தால் சட்டம் அவனை என்ன செய்யும்?

செங்கோட்டை வாசகன்
எங்கள் ஊர் நூலகத்தில் சனிக்கிழமைதோறும் பள்ளிப் பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேர் கூடுவார்கள். இந்த வருஷம் எல்லோரும் சேர்ந்து ஒரு படக்கதை வரைகிறோம். கதாநாயகன் பிரானூர் பார்டரில் பரோட்டா மாஸ்டர். கடை சாத்தியதும் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு மலைப்பக்கம் பறப்பான். பத்து யானை பலம் அவனுக்கு. வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விளக்கம்: 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை தமிழ்நாட்டில் இல்லை, அதனால் எல்லை பிரானூரில் இருந்தது. எல்லை மேற்கே மலைக்குப் போய்விட்டது, பார்டர் என்ற பெயர் மட்டும் இங்கேயே நின்றுவிட்டது.

முதல் காட்சி இது. கேரளத்திலிருந்து ஆஸ்பத்திரிக் கழிவு ஏற்றிய லாரி ராத்திரி புளியரை செக்போஸ்ட் தாண்டி வருகிறது. நம் ஆள் லாரியை டிரைவரோடு தூக்கிக்கொண்டு பறந்து கேரளப் பக்கம் ஆரியங்காவில் இறக்கி வைத்துவிட்டு வருகிறான். பிள்ளைகள் கைதட்டினார்கள். எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் மட்டும் கேட்டாள்: "அண்ணா, இதுக்கு அவரை போலீஸ் பிடிக்காதா?" எனக்குப் பதில் தெரியவில்லை. பிள்ளைகளிடம் பொய் சொல்லவும் மனமில்லை. சட்டம் தெரிந்தவர்கள், மலைப்பக்கம் வேலை பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

தென்காசி வக்கீல்
நல்ல கேள்வி கேட்ட பெண். பிடிக்கும் என்பதுதான் பதில்.

2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா, அதாவது பி.என்.எஸ். வந்துவிட்டது. தற்காப்பு உரிமை அதில் 34 முதல் 44 வரை உள்ள பிரிவுகளில் இருக்கிறது. தன் உடலுக்காக மட்டுமல்ல, முன்பின் தெரியாதவர் உடலுக்காகவும் சொத்துக்காகவும் நிற்கலாம் என்று 35-ஆம் பிரிவு சொல்கிறது. சூப்பர் ஹீரோவுக்கு இதைவிடப் பெரிய வாசல் சட்டத்தில் இல்லை. ஆனால் 37-ஆம் பிரிவு அந்த வாசலிலேயே இரண்டு பூட்டுப் போடுகிறது. காவல்துறையை நாட நேரம் இருந்தால் தற்காப்பு உரிமை இல்லை. தேவைக்கு மேல் ஒரு அடிகூடக் கூடாது. உங்கள் காட்சியில் செக்போஸ்ட் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. டிரைவர் யாரையும் அடிக்க வரவில்லை. அவரை அந்தரத்தில் தூக்கிக்கொண்டு போவது சட்டவிரோதமாக அடைத்து வைத்தல், 127-ஆம் பிரிவு.

அவன் டிரைவரைக் கைது செய்ததாக வைத்துக்கொள்ளலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். தனி மனிதர் கைது செய்ய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, அதாவது குற்ற விசாரணை முறைக்கான புதுச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்., 40-ஆம் பிரிவில் இடம் இருக்கிறது. குற்றம் அவர் கண்ணெதிரே நடக்க வேண்டும். அது ஜாமீனில் விட முடியாத குற்றமாகவும், போலீஸ் வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றமாகவும் இருக்க வேண்டும். பிடித்தவரை 6 மணி நேரத்துக்குள் போலீஸில் ஒப்படைக்க வேண்டும். இந்த 6 மணி நேரம் புதுச் சட்டத்தில் வந்தது. ஆனால் தொற்று பரவக் காரணமான கவனக்குறைவு, அதாவது 271-ஆம் பிரிவு, ஜாமீனில் விடக்கூடிய குற்றம். அந்தப் பிரிவை வைத்து பரோட்டா மாஸ்டர் யாரையும் பிடிக்க முடியாது.

ஓய்வுபெற்ற ஏட்டு
வக்கீல் சார் சொன்னது சரி. நான் ஸ்டேஷனில் பார்த்ததைச் சொல்கிறேன் தம்பி.

எல்லைப் பக்கம் ராத்திரி டியூட்டி பல வருஷம் பார்த்திருக்கிறேன். ரேஷன் அரிசி கடத்துகிறவனைப் பிடிப்பது பெரிய காரியம் இல்லை. கோர்ட்டில் நிற்க வைப்பதுதான் பெரிய காரியம். ஒருமுறை நகை பறித்துக்கொண்டு ஓடியவனை ரோட்டில் போன ஒரு பையன் விரட்டிப் பிடித்து எங்களிடம் கொடுத்தான். பெயர் கேட்டோம், "வேண்டாம் சார், வீட்டில் திட்டுவார்கள்" என்று போய்விட்டான். நகைக்கு உரிய அம்மாவுக்கு இருட்டில் முகம் தெரியவில்லை. பிடித்தவன் சாட்சி சொல்ல வரவில்லை. வழக்கு நிற்கவில்லை, திருடன் வெளியே வந்துவிட்டான். அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்குள் இருக்கிறது.

அதனால் முகத்தில் துண்டு கட்டிய ஆள் என்று நீங்கள் எழுதியதுமே எனக்கு மனசு ஒப்பவில்லை. அவன் பத்துப் பேரைப் பிடித்து ஸ்டேஷன் வாசலில் போட்டுவிட்டுப் பறந்தால், பத்துப் பேரும் வெளியே வருவார்கள்.

செங்கோட்டை வாசகன்
ஐயா, அவன் பெயர் தெரிந்தால் கடத்தல்காரர்கள் அவன் வீட்டுக்குப் போவார்களே? அந்தப் பயத்தில்தானே துண்டு கட்டுகிறான்?

தென்காசி வக்கீல்
அந்தப் பயம் நியாயமானது. அதற்கும் வழி இருக்கிறது. 2018-இல் மத்திய அரசு கொண்டுவந்த சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் அதே வருஷம் டிசம்பரில் ஏற்று, சட்டம் வரும் வரை இதுவே சட்டம் என்றது. இப்போது பி.என்.எஸ்.எஸ். 398-ஆம் பிரிவு ஒவ்வொரு மாநிலமும் இப்படி ஒரு திட்டம் வைத்திருக்க வேண்டும் என்கிறது. வீட்டுக்குக் காவல், வேறு இடத்தில் குடிவைப்பது, பெயரை வெளியிடாமல் காப்பது, தேவைப்பட்டால் புது அடையாளமே தருவது வரைக்கும் அதில் உண்டு. ஆனால் அவன் யார் என்று நீதிமன்றத்துக்குத் தெரிந்தாக வேண்டும். ஊருக்கு மறைக்கலாம், நீதிபதிக்கு மறைக்க முடியாது. குறுக்கு விசாரணைக்கு உட்படாதவன் சொன்னதை நம்பி ஒருவரைச் சிறையில் வைக்கும் நாட்டில் நான் வாழ விரும்பவில்லை, பிடித்தவன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும்.

லாரி அண்ணாச்சி
நான் இரண்டு லாரி ஓட்டுகிறேன், கொல்லம் ரூட். கேரளா போகிற வருகிற லாரி எல்லாம் கழிவு ஏற்றவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். காய்கறி, வைக்கோல், சிமெண்ட் எல்லாம் இந்த வழிதான்.

மூன்று அச்சு லாரி லோடோடு 28.5 டன் வரை சட்டப்படி போகலாம். அதைப் பம்பரைப் பிடித்துத் தூக்கினால் பம்பர்தான் கையோடு வரும். சேஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், அச்சுக்குப் பக்கத்தில் இரண்டு பக்கமும் பிடிக்க வேண்டும், நடுவில் பிடித்தால் சேஸ் வளைந்துவிடும். சேஸ் வளைந்த வண்டி அவ்வளவுதான்.

அப்புறம் பணம். போன மழைக்கு மலையில் நிறுத்தியிருந்த என் வண்டி மேல் மரம் விழுந்தது. மரம் விழுந்தது என்று காட்ட மரமே அங்கே கிடந்தது. அதற்கே ஒரு காப்பீட்டு நிறுவனம் எட்டு மாசம் இழுத்துப் பாதிப் பணம்தான் கொடுத்தது. ஒருவன் வானத்தில் தூக்கிப் போனான் என்று நான் போய் நின்றால் சர்வேயர் என்ன கேட்பார்? தூக்கியது யார், எஃப்.ஐ.ஆர். நகல் எங்கே என்பார். அந்த லாரி ஓனருக்கு உள்ளே என்ன லோடு என்றே தெரியாமல்கூட இருக்கலாம். வண்டிக்கு மாசத் தவணை கட்டுகிறவன் அவன். கதையில் அவனையும் ஒரு படத்தில் காட்டுங்கள் தம்பி.

புனலூர் தமிழன்
அண்ணாச்சி சொன்னதில் ஒரு சட்டக் கேள்வி இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் நஷ்டஈடு கேட்க, விபத்து வாகனத்தைப் பயன்படுத்தியதால் நடந்திருக்க வேண்டும். தூக்கிய லாரி கைநழுவி ஒரு வீட்டின் மேல் விழுந்தால் அது 'பயன்படுத்தியது' ஆகுமா? ஆகாது என்றால் வீட்டுக்காரருக்கு லாரியின் மூன்றாம் நபர் காப்பீடு கிடைக்காது. அந்த மாஸ்டர் மேல்தான் சிவில் வழக்குப் போட வேண்டும். பரோட்டாக் கடைச் சம்பளத்தில் அவன் எங்கே போவான்?

1986-இல் டெல்லி வாயுக் கசிவு வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆபத்தான தொழில் நடத்துகிறவர் கவனமாக இருந்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது, முழுப் பொறுப்பு என்றது. பத்து யானை பலம் உள்ளவனும் அந்த வகைதானா வக்கீல் சார்?

தென்காசி வக்கீல்
என் கருத்தில் இல்லை. அந்தத் தீர்ப்பு லாபத்துக்காக ஆபத்தைக் கொண்டுவரும் தொழிற்சாலைக்கு. இவன் பிறந்ததே அப்படி. இவனுக்குச் சாதாரணக் கவனக்குறைவுச் சட்டம்தான் பொருந்தும். ஆனால் "ஜாக்கிரதையான மனிதன் என்ன செய்திருப்பான்" என்று நீதிமன்றம் கேட்கும்போது, அந்த மனிதனுக்கும் பத்து யானை பலம் இருப்பதாக வைத்துத்தான் அளக்க வேண்டும். நாம் ஒருவர் தோளைத் தட்டுவதும் அவன் தட்டுவதும் ஒன்றல்ல. அவனுக்கு அது தெரியும். தெரிந்தவனுக்குக் கடமை கூடும்.

கம்பம் விவசாயி
எங்கள் பக்கம் சூப்பர் ஹீரோ பலத்தோடு எல்லை தாண்டி ஒருவர் உண்மையிலேயே வந்தார். 2023 ஏப்ரல் கடைசியில் கேரளத்தில் சின்னக்கானலில் அரிக்கொம்பன் என்ற காட்டு யானையை மயக்க ஊசி போட்டுப் பிடித்துப் பெரியார் புலிகள் காப்பகத்தில் விட்டார்கள். மே 27 காலையில் கம்பம் தெருவில் நின்றது. 144 போட்டார்கள், நாங்கள் வீட்டுக்குள் அடைந்து கிடந்தோம். ஜூன் 5-ஆம் தேதி தமிழ்நாட்டு வனத்துறை பிடித்து களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனது. பிடிக்க ஒரு மாநிலத்தின் உத்தரவு, விட இன்னொன்று, நடுவில் நீதிமன்றம். யானைக்கு எல்லை தெரியாது, ஆனால் எல்லைக் கோட்டின் இரண்டு பக்கமும் ஆட்கள் காகிதத்தோடு நின்றார்கள். பறக்கிற மனிதனுக்கும் இதுதான் நடக்கும். யானையிடம் கேட்க முடியாத ஒன்றை அவனிடம் கேட்பார்கள்: நீ எந்த மாநிலம்?

இன்னொன்று, என் நெஞ்சில் கிடப்பது. முல்லைப் பெரியாறு. 1886-இல் 999 வருஷக் குத்தகை, 1895-இல் அணை. நிலம் கேரளம், அணையைப் பராமரிப்பது தமிழ்நாடு. 2014-இல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்றது. பெரிய அணையை ஒட்டிய சிறிய பேபி அணையைப் பலப்படுத்த 15 மரத்தை வெட்ட வேண்டும். 2021 நவம்பரில் கேரளம் அனுமதி கொடுத்துவிட்டு, சில நாளிலேயே நிறுத்திவிட்டது. உங்கள் மாஸ்டர் அந்த 15 மரத்தையும் ஒரே ராத்திரியில் பிடுங்கிப் போடுவான். எனக்கு ஆசைதான், மறைக்கவில்லை. ஆனால் அது புலிகள் காப்பகம். மரத்தைத் தொட்டால் வனச் சட்டம், வனவிலங்குச் சட்டம் இரண்டும் பாயும். அதைவிடப் பெரிய கேடு, மறுநாள் இடுக்கியில் இருக்கிற என் அத்தை மகன் குடும்பத்தை அக்கம்பக்கத்தார் எப்படிப் பார்ப்பார்கள் என்பது. அணைக்குக் கீழே இருக்கிற அவர்கள் பயமும் பொய்யில்லை. கல்லைத் தூக்குகிற பலத்தால் இதைத் தீர்க்க முடியாது.

நாகர்கோவில் மக்கா
பறப்பதைப் பற்றி ஒரு வார்த்தை மக்களே. 1934 விமானச் சட்டத்துக்குப் பதிலாக 2024-இல் பாரதிய வாயுயான் சட்டம் வந்திருக்கிறது. இரண்டிலும் விமானம் என்றால் காற்றின் துணையால் மேலே நிற்கும் எந்திரம். உடம்பு எந்திரம் இல்லை. டிரோன் விதியும் பொருந்தாது. ஆனால் தெற்கே வந்தால் கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரியில் இஸ்ரோ. அதற்கு மேலே முகம் மூடிய ஒருவன் பறந்தால், பாதுகாப்புப் படை சட்டப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு நிற்காது.

கூடலூர் நர்ஸ்
நான் சட்டம் பேசவில்லை. லாரியைத் தூக்குவதைவிட மனிதரைத் தூக்குவது கஷ்டம், அதைச் சொல்லத்தான் வந்தேன்.

ஒருவர் 20 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறார். கீழே வரும்போது வேகம் மணிக்கு 70 கிலோமீட்டருக்கு மேல். சூப்பர் ஹீரோ கையை நீட்டி அரை மீட்டருக்குள் பிடித்து நிறுத்தினால், அந்த உடம்பு புவி ஈர்ப்பைப் போல 40 மடங்கு விசையைத் தாங்க வேண்டும். பயிற்சி பெற்ற போர் விமானிகளே சில நொடிகள் 9 மடங்கு வரைதான் தாங்குவார்கள். இரும்புக் கை பிடிப்பதும் பாறையில் விழுவதும் ஏறக்குறைய ஒன்றுதான். அவன் கூடவே கீழ்நோக்கிப் பறந்து, பத்துப் பதினைந்து மீட்டர் தூரத்தில் மெல்ல மெல்ல வேகத்தைக் குறைக்க வேண்டும். குற்றாலத்தில் வழுக்கி விழுந்தவரை அவன் கழுத்தைத் தாங்காமல் தூக்கிக்கொண்டு பறந்தால், உயிர் பிழைத்தவர் வாழ்நாளெல்லாம் படுக்கையில் கிடப்பார். கதையில் அவன் ஒரு பலகையும் கழுத்துப் பட்டையும் வைத்திருக்கட்டும். பிள்ளைகள் அதைக் கற்றுக்கொண்டால் அதுவே பெரிய உதவி.

2024 ஜூலை 30 வயநாடு நிலச்சரிவு எங்களுக்குப் பக்கம். பாலம் அடித்துக்கொண்டு போன ஆற்றுக்கு மேலே, கம்பியில் தொங்கியபடி அக்கரை போய் மருத்துவம் பார்த்தவர் எங்கள் கூடலூர் செவிலியர் ஒருவர். தமிழ்நாடு அரசு கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. அவர் பறக்கவில்லை. மருந்துப் பையும், அதைப் பயன்படுத்தும் படிப்பும் அவரிடம் இருந்தன.

தென்காசி வக்கீல்
சகோதரி சொன்னதற்குச் சட்டத்திலும் துணை உண்டு. மயக்கத்தில் கிடப்பவரின் சம்மதம் கேட்க முடியாதபோது நல்லெண்ணத்தோடு அவர் நன்மைக்குச் செய்வதை பி.என்.எஸ். 30-ஆம் பிரிவு காக்கிறது. சாலை விபத்தில் உதவுகிறவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ 2019-இல் சேர்ந்தது. இதை எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள்: விபத்தில் அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தால் உங்கள் பெயரைச் சொல்லும்படி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. முகமூடி போட்டவனுக்குச் சட்டம் மரியாதை கொடுக்கிற இடம் இது ஒன்றுதான்.

புனலூர் தமிழன்
மனசைப் படிக்கிற சக்தி கொடுக்கப் போகிறீர்கள் என்றால் முன்பே சொல்லிவிடுகிறேன். 2010 செல்வி வழக்கில், ஒருவர் சம்மதம் இல்லாமல் நார்கோ சோதனை, அதாவது மருந்து கொடுத்துப் பேச வைக்கும் சோதனை, செய்யக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. மனசைத் திறந்து எடுத்தது செல்லாது. ஆனால் பூட்டை உடைத்து எடுத்த காகிதம்? அமெரிக்காவில் போலீஸ் சட்டத்தை மீறி எடுத்த சாட்சியத்தைப் பொதுவாகத் தள்ளிவிடுவார்கள். இங்கே 1973 பூரண்மல் வழக்கிலிருந்து, சாட்சியம் வழக்குக்குப் பொருத்தமாக இருந்தால் எடுத்த விதம் தவறு என்பதற்காக மட்டும் தள்ளுவதில்லை. உடைத்தவன் மேல் தனி வழக்கு வரும், காகிதம் நிற்கும். வெளிநாட்டு சூப்பர் ஹீரோ விவாதங்களை அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவர முடியாது என்பதற்கு இது ஒரு உதாரணம்.

கம்பம் விவசாயி
அவன் மனிதனே இல்லை, வேற்றுக் கிரகம் என்று வைத்தால் என்ன செய்வார்கள் என்று என் மகன் கேட்கிறான். நம் நாட்டில் தெய்வமே வழக்குப் போடலாமே என்றேன். திருடுபோன பத்தூர் நடராசர் சிலை லண்டனில் மாட்டியபோது, இடிந்து கிடந்த அந்தக் கோயிலே ஒரு தரப்பாக நின்று 1991-இல் ஜெயித்தது. கோயிலுக்கு இருக்கிற சட்ட உருவம் இவனுக்கும் கொடுக்கலாம். ஆனால் சிலை யாரையும் அடிக்காது. உரிமையோடு தண்டனையையும் ஏற்கிறவனாக இருந்தால்தான் ஊர் ஒத்துக்கொள்ளும்.

குமுளிக்கு மேலே மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குச் சித்திரைப் பௌர்ணமி அன்று மட்டும்தான் போக முடியும், இரண்டு மாநிலமும் சேர்ந்து ஏற்பாடு செய்வார்கள். நான் போகிறபோதெல்லாம் இதுதான் நினைவுக்கு வரும்: மதுரையை எரித்த கோபத்திலும் அவள் முதியவர்களையும் குழந்தைகளையும் விட்டுவிடச் சொன்னாள். அதற்கு முன்னால் அரசவையில் போய், பெயர் சொல்லி, சிலம்பை உடைத்துக் காட்டி வழக்காடினாள்.

பகவதிபுரம்
எல்லோரும் இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், எங்கள் ஊர் ஆட்களை யாரும் சொல்லவில்லையே. 2024 பிப்ரவரியில் ஒரு ராத்திரி, கேரளத்திலிருந்து பிளைவுட் ஏற்றி வந்த லாரி புளியரை எஸ் வளைவில் கட்டுப்பாட்டை இழந்து கீழே ரயில் தண்டவாளத்தில் விழுந்தது. டிரைவர் இறந்துவிட்டார். சத்தம் கேட்டு எழுந்த வயதான கணவன் மனைவி இரண்டு பேர், டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு இருட்டில் தண்டவாளத்தில் ஓடினார்கள். எதிரே வந்த ரயில் நின்றது. அரசு 5 லட்சம் ரூபாய் கொடுத்துப் பாராட்டியது. சக்தி எல்லாம் ஒன்றும் இல்லை. முழங்கால் வலியோடு ஓடினார்கள்.

செங்கோட்டை வாசகன்
இதைப் படித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டிலிருந்து சில கிலோமீட்டர்தான். வக்கீல் சார், தண்டவாளத்தில் நடப்பதே குற்றம் இல்லையா?

தென்காசி வக்கீல்
எழுத்தின்படி குற்றம். ரயில்வே சட்டம் 147-ஆம் பிரிவு, அனுமதி இல்லாமல் தண்டவாளத்தில் நுழைந்தால் 6 மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். ஆனால் பி.என்.எஸ். 19-ஆம் பிரிவு இருக்கிறது, அப்போது அது பழைய சட்டத்தின் 81. கெட்ட எண்ணம் இல்லாமல், பெரிய கேட்டைத் தடுக்க நல்லெண்ணத்தோடு செய்தது குற்றமாகாது. ரயில் வந்துகொண்டிருக்கிறது, யாரையும் கூப்பிட நேரமில்லை, செய்தது அந்தத் தேவைக்கு அளவானது. சட்டம் கேட்பதெல்லாம் அங்கே இருந்தது. உங்கள் மாஸ்டரின் முதல் காட்சியில் அதில் ஒன்றுகூட இல்லை. அவனை அந்த எஸ் வளைவில் கொண்டுபோய் நிறுத்துங்கள் தம்பி.

செங்கோட்டை வாசகன்
இந்தச் சனிக்கிழமை பிள்ளைகளிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். மூன்று மணி நேரம் சண்டை. லாரியைத் தூக்கிப் பறக்கும் படத்தைக் கிழிக்கக் கூடாது என்று இரண்டு பையன்கள் அழுதேவிட்டார்கள். அந்த எட்டாம் வகுப்புப் பெண்தான் வழி சொன்னாள். கழிவு லாரி எஸ் வளைவில் பிரேக் பிடிக்காமல் சரிகிறது. மாஸ்டர் சேஸில் இரண்டு பக்கமும் பிடித்துத் தாங்கி நிற்கிறான் (அண்ணாச்சி, பம்பரைத் தொடவில்லை). கையை எடுத்தால் டிரைவர் போய்விடுவார். கீழே ரயில் வருகிறது. அவனால் இரண்டு இடத்தில் நிற்க முடியாது. அப்போது ஒரு தாத்தாவும் பாட்டியும் டார்ச்சோடு ஓடுகிறார்கள்.

கடைசிப் படத்தில் அவன் முகத்துத் துண்டை அவிழ்த்துவிட்டு ஸ்டேஷனில் உட்கார்ந்து, லாரியில் பார்த்த கழிவைப் பற்றிச் சாட்சி வாக்குமூலம் கொடுத்துக் கையெழுத்துப் போடுகிறான். ஏட்டையா, இது சரியா?

ஓய்வுபெற்ற ஏட்டு
படம் சரி, கையெழுத்து தப்பு. விசாரணையில் போலீஸிடம் சாட்சி சொல்லும் வாக்குமூலத்தில் சாட்சியிடம் கையெழுத்து வாங்கக்கூடாது, சட்டம் அப்படி. அவனைப் புகார்தாரராக மாற்றுங்கள். புகாரைப் படித்துக் காட்டச் சொல்லிக் கையெழுத்துப் போடலாம். எஸ் வளைவு எந்த ஸ்டேஷன் எல்லை என்று யாராவது அவனை அலைக்கழித்தால், எந்த ஸ்டேஷனிலும் புகாரை வாங்கித்தான் ஆக வேண்டும், பி.என்.எஸ்.எஸ். 173. எஃப்.ஐ.ஆர். நகல் காசில்லாமல் கொடுக்க வேண்டும். அந்தக் காகிதம் அவன் கையில் இருக்கிற மாதிரி வரையச் சொல்லுங்கள். தாத்தா பாட்டிக்கு உட்கார ஸ்டேஷனில் ஒரு பெஞ்சும் போடுங்கள், தம்பி.